சதுரங்கத்தில் போட்டியை ஒத்த பயிற்சி

போட்டியை ஒத்த பயிற்சி என்பது, ஒரு விளையாட்டு வீரர் உண்மையான போட்டியில் எதிர்கொள்ளும் சூழ்நிலைகளைப் பயிற்சியின்போதே இயன்றவரை உருவாக்கிப் பழகும் முறை ஆகும். போட்டியில் வீரருக்குக் கிடைக்கும் தகவல், அவருக்கு இருக்கும் நேரம், அவர் எடுக்க வேண்டிய முடிவு ஆகிய மூன்றும் பயிற்சியிலும் அவ்வாறே அமைய வேண்டும் என்பது இம்முறையின் அடிப்படைக் கருத்தாகும். போட்டிச் சூழ்நிலை எத்தகையது என்பதை நினைவையும் ஊகத்தையும் மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், பதிவு செய்யப்பட்ட ஆட்டங்களின் தரவுகளைப் பகுத்தாய்ந்து அறிவது கணினிக் காலத்தில் ஏற்பட்ட வளர்ச்சி ஆகும்.

இம்முறையை விளக்கச் சதுரங்கம் மிகவும் பொருத்தமான விளையாட்டு. ஒரு சதுரங்க ஆட்டத்தின் நகர்வுகளை எழுதி வைத்தால் பலகையில் நடந்தவை அனைத்தும் பதிவாகிவிடுகின்றன. கால்பந்திலோ கபடியிலோ இவ்வளவு முழுமையான பதிவு எளிதில் கிடைப்பதில்லை. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 1999 ஆம் ஆண்டில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பை அங்கீகரித்தது. இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டரான விசுவநாதன் ஆனந்த் முதல் காரைக்குடியைச் சேர்ந்த எம். பிரனேஷ் வரை பல வீரர்களைத் தமிழ்நாடு இவ்விளையாட்டிற்குத் தந்துள்ளது.

பயிற்சிக்கும் போட்டிக்கும் உள்ள வேறுபாடு

சதுரங்கம் பயிலும் மாணவர்கள் பெரும்பாலும் புதிர்களைத் தீர்த்துப் பழகுகின்றனர். "வெள்ளை ஆடி மூன்று நகர்வுகளில் வெல்க" என்பது இத்தகைய புதிரின் வழக்கமான வடிவம். இப்புதிர்கள் கணக்கிடும் திறனை வளர்க்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆயினும் இப்புதிர் மாணவருக்கு ஒரு செய்தியை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. இந்த நிலையில் ஒரு வெற்றி ஒளிந்திருக்கிறது என்பதே அச்செய்தி. ஆகவே மாணவர் ஒரு காயை வெட்டுக் கொடுக்கும் துணிச்சலான நகர்வுகளை முதலில் தேடிப் பார்க்கிறார். விரைவில் விடையும் கிடைத்துவிடுகிறது.

போட்டியில் இவ்வாறு எவரும் அறிவிப்பதில்லை. ஓர் ஆட்டத்தின் பெரும்பாலான நிலைகளில் உடனடி வெற்றி எதுவும் இருப்பதில்லை. எந்த நிலையில் நின்று ஆழமாகக் கணக்கிட வேண்டும், எந்த நிலையில் இயல்பான நகர்வு ஒன்றைச் செய்துவிட்டு நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதை வீரரே முடிவு செய்ய வேண்டும். புதிர்களில் வல்லவரான மாணவர் போட்டியில் அதே வகை வாய்ப்பைக் காணாமல் கடந்து செல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம் ஆகும். விடையைக் கண்டறியும் திறனை அவர் பழகியுள்ளார். விடை இருக்கிறதா எனக் கேட்கும் திறனை அவர் பழகவில்லை.

இரண்டாவது வேறுபாடு நேரம். வீட்டில் புதிரைத் தீர்ப்பவருக்குக் கடிகாரம் இல்லை. பல நெடுநேரப் போட்டிகளில் முதல் 40 நகர்வுகளுக்கு 90 நிமிடங்களும், அதன்பின் எஞ்சிய ஆட்டத்திற்கு 30 நிமிடங்களும், ஒவ்வொரு நகர்விற்கும் 30 நொடிகள் கூடுதலாகவும் வழங்கப்படுகின்றன. முதல் 20 நகர்வுகளில் ஒரு மணி நேரத்திற்கு மேல் செலவிட்ட வீரர், ஆட்டத்தின் கடினமான பகுதியை அரைகுறை நேரத்தில் ஆட வேண்டியவராகிறார்.

மூன்றாவது வேறுபாடு விளைவு. பயிற்சியில் தவறான நகர்வைத் திரும்பப் பெறலாம். போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும்.

கருத்தின் தோற்றம்

போட்டிச் சூழலைப் பயிற்சியில் உருவாக்கும் எண்ணம் கணினிக்கு முற்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் மிகைல் பொத்வின்னிக் 1948 ஆம் ஆண்டில் உலக வாகையரானவர், மின்பொறியாளராகவும் பணியாற்றியவர். புகைபிடிக்கும் எதிராளிகளால் தமது கவனம் சிதறுவதை உணர்ந்த அவர், வியாசெசிலாவ் ரகோசினுடன் ஆடிய பயிற்சி ஆட்டங்களில் புகை சூழ்ந்த அறையில் அமர்ந்து ஆடிப் பழகினார். போட்டியில் தொல்லை தரும் ஒன்றைப் பயிற்சியிலிருந்து விலக்காமல் வேண்டுமென்றே சேர்த்துக் கொண்டமை இதில் குறிப்பிடத்தக்கது.

உளவியலில் இக்கருத்துக்கு அடித்தளம் இட்டவர் எகோன் பிரன்சுவிக். ஓர் ஆய்வின் முடிவு இயல்பான வாழ்க்கைக்குப் பொருந்த வேண்டுமானால், ஆய்வில் இடம்பெறும் சூழ்நிலைகள் அவ்வாழ்க்கையின் சூழ்நிலைகளுக்கு நல்ல மாதிரிகளாக இருக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. இதனை விரித்துரைக்கும் அவரது நூல் அவரது மறைவுக்குப் பின் 1956 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பிண்டர், டேவிட்ஸ், ரென்ஷா, அராவுயோ ஆகிய ஆய்வாளர்கள் 2011 ஆம் ஆண்டில் இக்கொள்கையை விளையாட்டுப் பயிற்சிக்கு விரிவாகப் பொருத்திக் காட்டினர். பயிற்சியும் ஒருவகை மாதிரியெடுப்பே என்பது இதிலிருந்து பெறப்படும் கருத்து. தேர்தல் கருத்துக்கணிப்பில் ஒரே தெருவினரை மட்டும் கேட்டால் முடிவு பிழைபடுவது போலவே, போட்டியின் ஒரே வகை நிலையை மட்டும் பழகினால் பயிற்சியும் பிழைபடும்.

சதுரங்கத் தரவுகள்

கணினிக்கு முந்தைய காலத்தில் வீரர்கள் எதிராளிகளின் ஆட்டங்களைக் குறிப்பேடுகளில் எழுதித் தொகுத்தனர். 1966 ஆம் ஆண்டு முதல் பெல்கிரேடிலிருந்து வெளிவந்த இன்ஃபர்மேட்டர் என்ற தொகுப்பு, முக்கிய ஆட்டங்களைக் குறியீடுகளுடன் அச்சிட்டு வழங்கியது. 1980களின் பிற்பகுதியில் செஸ்பேஸ் என்ற செருமானியத் தரவுத்தள மென்பொருள் இப்பணியைக் கணினிக்கு மாற்றியது. 1990களில் உருவான பி.ஜி.என். என்ற எளிய உரை வடிவம், எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய பொதுவான பதிவு முறையாயிற்று.

தற்போது பயிற்சிக்குப் பயன்படும் தரவுகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

நகர்வுகள்: ஆட்டத்தின் முதல் நகர்விலிருந்து இறுதி வரை உள்ள முழுப் பதிவு.

கடிகார நேரம்: ஒவ்வொரு நகர்வின் முடிவிலும் வீரருக்கு எஞ்சியிருந்த நேரம். மின்னணுப் பலகைகளில் ஆடப்படும் பெரிய போட்டிகளிலும் இணையத்தில் ஆடப்படும் ஆட்டங்களிலும் இது தானாகவே பதிவாகிறது.

மதிப்பீடு: சதுரங்கப் பொறி எனப்படும் மென்பொருள் ஒரு நிலைக்கு வழங்கும் எண். இது பெரும்பாலும் காலாள் ஒன்றின் மதிப்பை அலகாகக் கொண்டு கூறப்படுகிறது. ஒரு நகர்வுக்கு முன்பும் பின்பும் உள்ள மதிப்பீடுகளின் வேறுபாடு, அந்நகர்வில் எவ்வளவு இழக்கப்பட்டது என்பதைக் காட்டும்.

விவரங்கள்: எதிராளியின் தரப்புள்ளி, காய்களின் நிறம், ஆட்டத் திறப்பின் வகை, சுற்று எண் முதலியன.

இவற்றைப் பெறுவதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. லிச்செஸ் என்ற இணையத்தளம் தன்னிடம் ஆடப்படும் தரவரிசை ஆட்டங்களை மாதந்தோறும் கட்டணமின்றிப் பொதுவில் வெளியிடுகிறது. ஸ்டாக்ஃபிஷ் என்ற வலிமை மிக்க சதுரங்கப் பொறி கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது.

பகுத்தாயும் முறை

தரவிலிருந்து பயிற்சியை அமைக்கும் வழியை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் அறியலாம். இதில் வரும் எண்கள் விளக்கத்திற்காக வைத்துக் கொண்டவை.

ஒரு மாணவர் 30 போட்டி ஆட்டங்களை ஆடியுள்ளார். ஒவ்வோர் ஆட்டத்திலும் சராசரியாக 40 நகர்வுகள் செய்துள்ளார். ஆக அவர் செய்த நகர்வுகள் 1200. இவற்றுள் 36 நகர்வுகள் பெரும் பிழைகள் எனப் பொறி காட்டுகிறது. அப்பிழைகளுள் 21, கடிகாரத்தில் 10 நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தபோது நேர்ந்தவை. 15 அதற்கு மிகுதியான நேரம் இருந்தபோது நேர்ந்தவை.

21, 15 ஆகிய எண்களை மட்டும் ஒப்பிட்டால் வேறுபாடு சிறிதாகவே தோன்றும். ஆனால் 10 நிமிடங்களுக்கும் குறைவான நேரத்தில் அவர் செய்த நகர்வுகள் மொத்தம் 300 மட்டுமே எனக் கொள்வோம். அப்போது நேரநெருக்கடியில் பிழை வீதம் 300க்கு 21, அதாவது 7 விழுக்காடு. மற்ற நேரத்தில் 900க்கு 15, அதாவது ஏறத்தாழ 1.7 விழுக்காடு. ஆகவே நேரநெருக்கடியில் இம்மாணவர் நான்கு மடங்குக்கும் மேல் பிழை செய்கிறார். பிழைகளை மட்டும் எண்ணாமல், பிழை நேரக்கூடிய வாய்ப்புகளையும் எண்ண வேண்டும் என்பது இதன் பாடம்.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. நேரம் குறையும் கட்டத்தில் நிலைகளும் இயல்பாகவே சிக்கலானவையாக இருக்கலாம். பிழைக்குக் காரணம் நேரக் குறைவா, நிலையின் சிக்கலா என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஒத்த தரப்புள்ளி உடைய பிற வீரர்கள் அதே கட்டத்தில் போதிய நேரத்துடன் ஆடியபோது எவ்வளவு பிழை செய்தனர் என்பதோடு ஒப்பிடுவது ஒரு வழி. பிழை நேர்ந்த நிலைகளையே சில வாரங்கள் கழித்து, போதிய நேரம் கொடுத்து மாணவரை ஆடச் செய்வது மற்றொரு வழி. நேரம் இருந்தும் அவர் தடுமாறினால் குறை அறிவில் உள்ளது. நேரம் இருந்தால் சரியாக ஆடுகிறார் எனில் குறை நேரப் பங்கீட்டில் உள்ளது. இரண்டிற்கும் தேவைப்படும் பயிற்சிகள் வேறு.

பயிற்சியை அமைத்தல்

பகுப்பாய்வின் முடிவைக் கொண்டு பயிற்சி பின்வரும் படிகளில் அமைக்கப்படலாம்.

முதலாவதாக, நிலைகள் புதிர் நூல்களிலிருந்து மட்டுமன்றி உண்மையான ஆட்டங்களிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. மாணவர் வழக்கமாக ஆடும் திறப்புகளிலிருந்து தோன்றும் நடு ஆட்டங்களுக்கு முதன்மை தரப்படுகிறது.

இரண்டாவதாக, நிலைகள் கலக்கப்படுகின்றன. சிலவற்றில் உடனடி வெற்றி உண்டு. சிலவற்றில் துல்லியமான தற்காப்பு தேவை. பலவற்றில் அமைதியான நகர்வே சிறந்தது. எந்த வகை என்பது மாணவருக்குக் கூறப்படுவதில்லை. ஒவ்வொரு வகையும் எவ்வளவு இடம்பெற வேண்டும் என்பதை ஆட்டத் தொகுப்பில் அவ்வகை நிலைகள் தோன்றும் வீதம் தீர்மானிக்கிறது.

மூன்றாவதாக, கடிகாரம் போட்டியில் இருந்தவாறே வைக்கப்படுகிறது. மேற்கூறிய மாணவர் 28 ஆவது நகர்வில் 9 நிமிடங்களுடன் நின்றிருந்தால், பயிற்சியும் அதே நிலையிலிருந்து 9 நிமிடங்களுடனும் நகர்வுக்கு 30 நொடிக் கூடுதலுடனும் தொடங்குகிறது.

நான்காவதாக, பயிற்சி ஆட்டம் அதன் முடிவு வரை ஆடப்படுகிறது. சரியான நகர்வைக் கண்டவுடன் நிறுத்திவிட்டால், வென்ற நிலையை வெற்றியாக மாற்றும் திறன் பழகப்படாமல் போகும்.

ஐந்தாவதாக, அடுத்த போட்டிகளின் தரவு முன்னையதோடு ஒப்பிடப்படுகிறது. பயிற்சியில் கிடைக்கும் மதிப்பெண் உயர்வதைக் கொண்டு மட்டும் முன்னேற்றத்தை அளத்தல் ஆகாது. போட்டியில் பிழை வீதம் குறைந்துள்ளதா என்பதே அளவுகோல்.

பயிற்சிக்குரிய எதிராளி யார் என்பதும் கருதத்தக்கது. வலிமையான சதுரங்கப் பொறியோடு ஆடுவது மனிதரோடு ஆடுவதை ஒத்ததன்று. பொறி மனிதர் செய்யும் பிழைகளைச் செய்வதில்லை. அதன் வலிமையைக் குறைத்து வைத்தாலோ, எந்த மனிதரும் செய்யாத பிழைகளைச் செய்கிறது. இக்குறையை நீக்கும் நோக்கில் 2020 ஆம் ஆண்டில் மையா என்ற பொறி வெளியிடப்பட்டது. கோர்னெல், டொரண்டோ பல்கலைக்கழகங்களையும் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவையும் சேர்ந்தோர் இதனை உருவாக்கினர். சிறந்த நகர்வு எது எனக் கேட்காமல், குறிப்பிட்ட தரப்புள்ளி உடைய மனிதர் இந்த நிலையில் எதை ஆடுவார் எனக் கணிக்குமாறு லிச்செஸ் ஆட்டங்களைக் கொண்டு இது பயிற்றுவிக்கப்பட்டது. ஏறத்தாழ பாதி நகர்வுகளில் இதன் கணிப்பு மனிதரின் நகர்வோடு பொருந்தியது.

உலக வாகையர் அளவிலான எடுத்துக்காட்டுகள்

1985 ஆம் ஆண்டின் இறுதியில், புதிதாக உலக வாகையர் பட்டம் வென்றிருந்த காரி காஸ்பரோவ், செருமனியின் ஆம்பர்க் நகர அணியினர் எட்டுப் பேரோடு ஒரே நேரத்தில் ஆடி 3.5 - 4.5 எனத் தோற்றார். 1987 ஆம் ஆண்டில் அவ்வணியோடு மீண்டும் ஆடுமுன், அப்போது உருவாகி வந்த செஸ்பேஸ் மென்பொருளைக் கொண்டு ஒவ்வொரு வீரரின் ஆட்டங்களையும் ஆராய்ந்தார். இம்முறை 7 - 1 என வென்றார்.

2008 ஆம் ஆண்டு அக்டோபரில் செருமனியின் பான் நகரில் ஆனந்தும் விளாதிமிர் கிராம்னிக்கும் மோதினர். தமது வாழ்நாளில் பெரும்பாலும் அரசனுக்கு முன்னுள்ள காலாளை நகர்த்தித் தொடங்கிய ஆனந்த், இத்தொடரில் அரசிக்கு முன்னுள்ள காலாளை நகர்த்தித் தொடங்கினார். கிராம்னிக் ஆயத்தம் செய்து வந்த ஆனந்த் வேறு; பலகையில் அவர் எதிர்கொண்ட ஆனந்த் வேறு. கறுப்புக் காய்களுடன் ஆடிய 3, 5 ஆவது ஆட்டங்களில் மெரான் என்ற கூர்மையான திறப்பு வகையில் ஆனந்த் வென்றார். 6.5 - 4.5 என்ற கணக்கில் பட்டத்தைத் தக்கவைத்துக் கொண்டார். பீட்டர் ஐனே நீல்சன், ருஸ்தம் காசிம்சானோவ், சூர்ய சேகர் கங்குலி, ராதோசுவாவ் வொய்தாசெக் ஆகியோர் அவரது துணைவர்களாகப் பணியாற்றினர்.

2010 ஆம் ஆண்டில் பல்கேரியாவின் சோபியா நகரில் வெசெலின் தோப்பலோவுடன் நடந்த தொடரின் முதல் ஆட்டத்தில், முன்பே ஆயத்தம் செய்திருந்த ஒரு வரிசையில் நகர்வுகளைக் குழப்பிக் கொண்டு ஆனந்த் விரைவில் தோற்றார். ஆயத்தம் கணினியில் சரியாக இருப்பது மட்டும் போதாது, கடிகாரம் ஓடும்போது நினைவிலிருந்து வெளிவரவும் வேண்டும் என்பதற்கு இவ்வாட்டம் எடுத்துக்காட்டு ஆகும். எனினும் 12 ஆவது இறுதி ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் வென்று, 6.5 - 5.5 எனத் தொடரை அவர் கைப்பற்றினார்.

2013 ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் நடந்த தொடரில் ஆனந்தை எதிர்த்த நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சன், திறப்பில் பெரும் சாதகம் தேடுவதைத் தவிர்த்தார். ஏறத்தாழச் சமமான நிலைகளை ஏற்று, தொகுப்புகளில் காணப்படாத நெடிய இறுதியாட்டங்களுக்கு ஆட்டத்தை இழுத்துச் சென்றார். 5, 6 ஆவது ஆட்டங்களை அவ்வாறே வென்றார். 6.5 - 3.5 என்ற கணக்கில் புதிய வாகையரானார். எதிராளியின் ஆயத்தம் எங்கு முடிகிறதோ அங்கு ஆட்டத்தைத் தொடங்குவதும் ஓர் உத்தி என்பதை இத்தொடர் காட்டியது.

சென்னையைச் சேர்ந்த தொ. குகேஷ் 2024 ஆம் ஆண்டு திசம்பர் 12 ஆம் நாள் சிங்கப்பூரில் சீனாவின் திங் லிரேனை 7.5 - 6.5 என வென்று 18 வயதில் உலக வாகையரானார். 14 ஆவது இறுதி ஆட்டத்தில், சமநிலையை நோக்கிச் சென்ற இறுதியாட்டத்தைக் கைவிடாமல் தொடர்ந்து ஆடியதால் எதிராளியின் பிழை அவருக்கு வெற்றியாயிற்று. அவரது தொடக்க காலப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தரப்புள்ளி 2500ஐ நெருங்கும் வரை அவரைச் சதுரங்கப் பொறிகளைப் பயன்படுத்த விடவில்லை. இது தரவுப் பகுப்பாய்விற்கு எதிரானது போலத் தோன்றலாம். ஆயினும் போட்டியில் பொறியின் துணை கிடையாது. துணையின்றிச் சிந்திப்பதே போட்டியின் இயல்பு எனக் கொண்டால், இதுவும் போட்டியை ஒத்த பயிற்சியே எனலாம்.

செட்டிநாட்டுச் சூழல்

சிவகங்கை மாவட்டம் காரைக்குடியைச் சேர்ந்த எம். பிரனேஷ், 2023 ஆம் ஆண்டு சனவரியில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த ரில்டன் கோப்பைப் போட்டியை வென்று, தமது 16 ஆம் வயதில் இந்தியாவின் 79 ஆவது கிராண்ட்மாஸ்டரானார். 2025 ஆம் ஆண்டு ஆகத்தில் சென்னை கிராண்ட்மாஸ்டர்ஸ் போட்டியின் சேலஞ்சர்ஸ் பிரிவிலும் முதலிடம் பெற்றார்.

காரைக்குடி வீரர் ஒருவர் ஸ்டாக்ஹோமில் இத்தகுதியை எட்டியமை தற்செயலானதன்று. கிராண்ட்மாஸ்டர் பட்டத்திற்கு 2500 தரப்புள்ளியும், பொதுவாக மூன்று தகுதிநிலைகளும் தேவை. ஒரு தகுதிநிலையைப் பெற, வழக்கமாக ஒன்பது சுற்றுகள் கொண்ட போட்டியில் 2600 தரப்புள்ளிக்கு இணையாக ஆட வேண்டும். எதிராளிகளுள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். அயல்நாட்டு எதிராளிகள் பற்றியும் விதிகள் உண்டு. இத்தகைய எதிராளிகள் கூடும் போட்டிகள் சிறு நகரங்களில் நடப்பது அரிது. காரைக்குடியிலிருந்து சென்னையே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பயணம், தங்குமிடம், நுழைவுக் கட்டணம், பள்ளி விடுப்பு ஆகிய அனைத்தும் குடும்பத்தின் பொறுப்பாகின்றன.

ஆகவே பெருநகர மாணவர் ஆண்டுக்கு ஆடும் போட்டி ஆட்டங்களின் எண்ணிக்கையைச் சிறு நகர மாணவர் எட்டுவது கடினம். கிடைக்கும் ஒவ்வொரு போட்டிக்கும் அவர் தரும் விலை மிகுதி. போட்டியை ஒத்த பயிற்சி இத்தகைய மாணவருக்கே மிகுந்த பயன் தருகிறது. சாப்பாட்டு மேசையின் மேல் விரித்த ஒரு பலகை, ஒரு கடிகாரம், சாதாரணக் கணினி ஒன்று, தாமே எழுதி வைத்த ஆட்டத் தாள்கள் ஆகியவற்றைக் கொண்டு இதனைத் தொடங்கலாம். மின்னணுப் பலகை இல்லாத போட்டிகளில் நேரம் தானாகப் பதிவாவதில்லை. அங்கு ஆட்டத்தாளில் நகர்வுக்கு அருகே எஞ்சிய நேரத்தையும் குறித்துக் கொள்ள விதிகள் இடம் தருகின்றன. ஐந்து நகர்வுகளுக்கு ஒருமுறை குறித்தாலும் போதிய தரவு கிடைக்கும்.

எனினும் இப்பயிற்சி போட்டிக்கு மாற்றாகாது. போட்டி நடந்தால்தான் தரவு பிறக்கும். தரவு பிறந்தால்தான் பயிற்சியை எதற்கு ஒத்ததாக அமைப்பது என்பது தெரியவரும். எனவே மாவட்ட அளவில் நெடுநேரப் போட்டிகள் தொடர்ந்து நடைபெறுவது இம்முறைக்கும் இன்றியமையாதது.

பிற விளையாட்டுகளில்

கிரிக்கெட் எனப்படும் துடுப்பாட்டத்தில் பந்துவீச்சு இயந்திரங்கள் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து மட்டையாளரை அடைய அரை நொடிக்கும் குறைவான நேரமே ஆகிறது. எனவே திறன் மிக்க மட்டையாளர் பந்து கையை விட்டு வெளிப்படும் முன்பே வீச்சாளரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு ஆகியவற்றிலிருந்து குறிப்புகளைப் பெறுகிறார். இயந்திரம் பந்தைத் தருகிறது, அக்குறிப்புகளைத் தருவதில்லை. ரென்ஷாவும் அவருடன் பணியாற்றியோரும் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இயந்திரத்தின் பந்தையும் அதே வேகத்தில் மனிதர் வீசும் பந்தையும் எதிர்கொள்ளும்போது மட்டையாளரின் அசைவுகளும் அவற்றின் கால ஒழுங்கும் வேறுபடுவது கண்டறியப்பட்டது.

2005 ஆம் ஆண்டு ஆஷஸ் தொடருக்கு முன் இங்கிலாந்து அணியினர், சுழற்பந்துகளைப் போலச் செய்யும் மெர்லின் என்ற இயந்திரத்தைக் கொண்டு ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்னை எதிர்கொள்ளப் பழகினர். தொடரை இங்கிலாந்து 2 - 1 என வென்றது. ஆயினும் அதே தொடரில் வார்ன் 40 இலக்குகளை வீழ்த்தினார். பந்தின் சுழற்சியைப் போலச் செய்வது ஒன்று. அடுத்த பந்தில் என்ன செய்வது எனச் சிந்திக்கும் வீச்சாளரைப் போலச் செய்வது வேறு.

செட்டிநாட்டு ஊர்களில் பரவலாக ஆடப்படும் கபடியிலும் இம்முறையைப் பின்பற்றலாம். தொழில்முறைக் கபடியில் ஒரு பாடல் 30 நொடிகளுக்கு மேல் நீடிக்கக் கூடாது. புரோ கபடி விதிகளின்படி, தொடர்ந்து இரண்டு பாடல்களில் புள்ளி கிடைக்காவிட்டால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும்; இல்லையேல் பாடிச் செல்பவர் வெளியேற்றப்படுவார். எதிரணியில் மூவர் அல்லது அதற்கும் குறைவானவர் மட்டும் நின்று அவரைப் பிடித்தால் அவ்வணிக்குக் கூடுதல் புள்ளி உண்டு. ஏழு தடுப்பாளர்களை நிறுத்தி, புள்ளிக் கணக்கின்றிப் பாடிப் பழகுவதில் இந்த நிலைகள் தோன்றுவதில்லை. ஒவ்வொரு பாடலின்போதும் எத்தனை தடுப்பாளர் இருந்தனர், புள்ளி வேறுபாடு எவ்வளவு, எஞ்சிய நேரம் எவ்வளவு, முடிவு என்ன என்ற நான்கையும் ஒரு குறிப்பேட்டில் பதிந்தால், அணி எந்த நிலையில் தடுமாறுகிறது என்பது வெளிப்படும். பின்னர், "மூன்று புள்ளிகள் பின்தங்கியுள்ளோம், இரண்டு நிமிடங்கள் உள்ளன, எதிரில் மூவர் நிற்கின்றனர்" என்ற நிலையிலிருந்தே பயிற்சியைத் தொடங்கலாம். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்விக் கல்லூரி போன்ற நிறுவனங்களில் பயில்வோர் எளிதில் மேற்கொள்ளத்தக்க களப்பணி இது.

வரம்புகள்

போட்டியை ஒத்த பயிற்சிக்குச் சில வரம்புகள் உள்ளன.

தொடக்கநிலை: காய்களின் நகர்வுகளையே பயில்பவருக்குப் போட்டியின் முழுச் சிக்கலும் பயன் தராது. அடிப்படைத் திறன்களைத் தனித்தனியே எளிமைப்படுத்திக் கற்ற பின்னரே இம்முறை பொருந்தும். "மூன்று நகர்வுகளில் வெல்க" என்ற புதிருக்கும் இதனால் அதற்குரிய இடம் உண்டு.

சிறு தரவு: பத்து ஆட்டங்களில் காணப்படும் வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். 10 ஆட்டங்களில் 2 பிழைகள் 4 ஆனதைக் கொண்டு திறன் குறைந்துவிட்டது என முடிவு செய்வது தவறு.

மாறும் எதிராளி: தரவு கடந்த காலத்தைச் சேர்ந்தது. ஆனந்த் 2008 ஆம் ஆண்டில் செய்தது போல எதிராளி தம்மை மாற்றிக் கொண்டால், நேற்றைய எதிராளிக்கான ஆயத்தம் இன்று உதவாது. எதிராளியின் தரவே கிடைக்காமலும் போகலாம். 1997 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ கணினியோடு மோதிய காஸ்பரோவுக்கு அக்கணினியின் பயிற்சி ஆட்டங்கள் வழங்கப்படவில்லை.

மன அழுத்தம்: தோல்வியால் தரப்புள்ளியும் பட்டமும் நழுவும் என்ற அச்சத்தைப் பயிற்சி அறையில் முழுமையாக உருவாக்க இயலாது. அறிமுகமில்லாத எதிராளி, பார்வையாளர், திரும்பப் பெற முடியாத நகர்வு ஆகியவற்றால் அதனை ஓரளவே ஒத்தவாறு அமைக்கலாம்.

அளவீட்டின் சார்பு: அளக்க முடிவதை மட்டும் பழகும் போக்கு ஏற்படலாம். பொறியின் மதிப்பீட்டில் சிறிதே தாழ்ந்த நகர்வு, எதிராளிக்கு மிகவும் கடினமான சிக்கலை முன்வைப்பதாக இருக்கக்கூடும். அத்தகைய நகர்வுகளைப் பிழை எனக் கணக்கிட்டு மாணவரைத் திருத்தினால், அவரது வலிமையே அவரிடமிருந்து நீக்கப்படும். எந்த எண்ணைப் பிழை எனக் கொள்வது என்பதைப் பயிற்சியாளர் ஒவ்வோர் ஆட்டத்தையும் நேரில் பார்த்த பின்னரே உறுதி செய்ய வேண்டும்.